மூன்றாவது பொட்டலம்

எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றிலும் கிடைக்காமல் போயிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் காலை எப்போதும்போல இட்லி தின்றிருப்பேன். இரண்டு கிடைத்ததுதான் வம்பாகப் போய்விட்டது.

கொடும்பாளூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் நிலவியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அதன்பிறகு முதுகலைக்காக நாடு முழுக்க எழுதும் நுழைவுத் தேர்வை எழுதினேன். எழுதும்போது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை இரண்டு மெயில்கள் வந்தன. இரண்டும் வெளி மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள். இரண்டும் அரசாங்கத்துடையவை. வளாகத்தைச் செல்போன் மேப்பில் விரித்துப் பார்த்தால் எங்கள் ஊர், கண்மாய், பக்கத்து ஊர் எல்லாம் உள்ளே அடங்கிவிடும் என்று தோன்றும் அளவுக்குப் பெரியவை. ஒன்று தெலங்கானாவில், இன்னொன்று மேற்கு வங்கத்தில். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்ய வேண்டும். தவறினால் இரண்டும் போய்விடும்.

அம்மா அவற்றுக்கு உடனே பெயர் வைத்துவிட்டாள். தெலுங்கு ஊரு, வங்காளம். அதோடு நாங்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம்.

தெலுங்கு ஊரில் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பா அங்கே ஒரு பிஸ்கட் கம்பெனியில் மேற்பார்வை வேலையில் இருந்தார். திருச்சியில் ரயில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாம். ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். சோறு, சாம்பார், ஊறுகாய் எல்லாம் கிடைக்கும், கொஞ்சம் காரம் கூடுதல், அவ்வளவுதான். பாடமும் நல்ல பாடம்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

வங்காளத்தில் எங்களுக்கு ஈ, காக்கை கிடையாது. சென்னையில் வண்டி மாற வேண்டும், அதற்குமேலும் இரவும் பகலுமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பாஷை தெரியாது. பனிக்காலத்தில் அப்படிக் குளிரும் என்றார்கள். மூன்று வேளையும் மீன் என்று யாரோ சொல்லி, சுத்த சைவமான அம்மா அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறைதான்.

ஆனால் அங்கே இரண்டாம் ஆண்டு முழுக்க நிலத்தடி நீரை மட்டுமே எடுத்துப் படிக்கலாம்.

அது ஏன் எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். இனிப் போவதில்லை, கடலையும் காய்கறியும் போட்டு இங்கேயே இருக்கப் போகிறேன் என்றார். அதற்குத் தண்ணீர் வேண்டும். முதலில் போட்ட போர் கிணற்றில் வெறும் புகையாய்க் கல் மாவு வந்தது. இரண்டாவது போரில் தண்ணீர் வந்தது, ஒரு கோடையோடு நின்றது. மோட்டாரைப் போட்டால் குழாய் காற்றை விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த மாதமே அவர் மறுபடி விமானம் ஏறினார். பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர் இருக்கிறது, ஏன் இல்லை என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால் எங்கள் அப்பா எங்களோடு இருந்திருப்பார். நான் கல்லைப் படிக்கப் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஆக, எனக்கு வங்காளம்தான் வேண்டும். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், பெரியப்பா.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். அடுத்த வீடு. அப்பா வெளிநாட்டில் இருப்பதால் எங்கள் வீட்டு முடிவுகளும் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் விராலிமலை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் வைத்துக் கொண்டுபோகிறவர் அவர்தான். ஆனால் ஒரு பழக்கம். நமக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொண்டோமோ, உடனே அதில் எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பித்துவிடுவார். சட்டைத் துணியிலிருந்து சம்பந்தம் வரைக்கும் அப்படித்தான். எனக்கு மாடி அறை வேண்டும் என்று கேட்டதால்தான் இன்று வரை அது கடலை மூட்டை அடுக்கும் அறையாக இருக்கிறது.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். தெலுங்கு ஊரை வாயாரப் புகழ ஆரம்பித்தேன். என்ன மாதிரி நூலகம், என்ன மாதிரி ஹாஸ்டல், சித்தி வீடு பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரம்தான் என்று புதன் முழுக்கவும் வியாழன் முழுக்கவும் அவர் காதில் விழும்படி பேசினேன். அவர் ஓட்டை கண்டுபிடிப்பார், அப்புறம் வேறு வழியில்லாமல் வங்காளத்துக்குச் சம்மதிப்பார் என்பது என் கணக்கு.

வியாழன் சாயங்காலம் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார். "நானும் விசாரிச்சேன்த்தா. நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. அங்கேயே போ" என்றார்.

வாழ்க்கையில் அவர் என்னோடு ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எதையாவது போட்டு உடைக்கலாம்போல இருந்தது. புகழ்ந்தது என் வாய், யாரைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. காலையிலேயே வீடியோவில் வந்தார். பின்னால் அவரோடு தங்கியிருந்தவர் லுங்கியோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்து, "ஒனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

பெரியப்பா பக்கத்தில் இருந்தார். ஆத்திரம், பயம், அதோடு ஒரு அசட்டு வீம்பும் சேர்ந்து, "ரெண்டும் நல்லதுதாப்பா" என்றேன்.

"இங்கேருந்துக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல. பூக்கட்டிப் பாத்துருங்க" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவும் பூக்கட்டாமல் நடக்காது. கேள்வி கேட்கிறவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, வெவ்வேறு நிறப் பூக்களை இலையில் மடித்து, நார் சுற்றி, ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்ட வேண்டும். சாமி முன்னால் போட வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் எடுக்கிற கைக்குத் தெரிந்துவிடும். பொதுவாக வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்கக் கூடாது.

அப்பா முதன்முதலில் குவைத்துக்குப் போனது வெள்ளைப் பூ சொல்லித்தான். இரண்டு போரும் பூக்கட்டிப் பார்த்து வைத்த இடங்கள்தான். அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். "பூ சரியாத்தான் சொல்லுச்சு, போர் வண்டிக்காரன்தான் தள்ளி நிறுத்திட்டான்" என்பாள். அவ்வளவு நம்பிக்கை. எங்கள் அய்யனார் அம்மாவுக்குச் சாமி மட்டுமில்லை, கூடப்பிறந்தவர் மாதிரி. சண்டை போடுவாள், கோபித்துக்கொள்வாள், ஆனால் வெள்ளிக்கிழமை விளக்குப் போடாமல் இருக்க மாட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து நானும் அம்மாவும் பெரியப்பாவும் கிளம்பினோம். கோயில் கண்மாய்க் கரைக்குக் கீழே, மரத்தடியில். இடுப்பு உயரச் சுவர், ஒரு கதவில்லா வாசல், உள்ளே வரிசையாக மண் குதிரைகள். வாசலுக்கு வெளியே ஒரு வேம்பு. கோயிலுக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. கரைமேல் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். நான் நடக்கும்போதே மணி பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வங்காளம் வந்தால் சந்தோஷம், தெலுங்கு ஊர் வந்தால் அழுதுகொண்டே போய்ப் படிக்கலாம். எப்படியும் படிப்பு உண்டு.

அந்தக் கோயிலுக்குப் பூசாரி வேளார். குதிரை செய்கிற குடும்பமும் அவருடையதுதான். பெரியவர், அதிகம் பேச மாட்டார். அம்மா பூவரச இலையை எடுத்து வைக்கிறதைப் பார்த்தவர், "எத்தனை பொட்டலம்?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டுல வேணாம்னு ஒண்ணு இருக்கா?"

அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். ஊரில் எல்லோருக்கும் என் கதை தெரிந்ததுதான், வேளாருக்கும் தெரியும். பெரியப்பா, "ரெண்டும் போறதுக்குத்தான். எங்கிட்டுன்னுதான் கேள்வி" என்றார்.

வேளார் தலையை ஆட்டினார். "அது உத்தரவு கேக்குறது ஆகாதுங்க. வேணாம்னு சொல்றதுக்கும் சாமிக்கு ஒரு பூ வைக்கணும்ல. ரெண்டும் ஆமான்னா, நீங்களே முடிவு பண்ணிட்டுச் சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் அவரக் கூப்புடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அய்யா, கெடச்ச சீட்டு ரெண்டுதான்" என்றேன்.

"வீடுன்னு ஒண்ணு இருக்குல்லத்தா" என்றார் அவர், மிகவும் சாதாரணமாக.

பெரியப்பா உடனே, "அவரு சொல்றது சரிதான். முறையின்னு ஒண்ணு இருக்கு" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த மூன்றாவது பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.எட். சேர்த்துவிடுவது, அது முடிவதற்குள் ஜாதகத்தை எடுப்பது. பெரியப்பா ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வாயெடுத்துப் பார்த்த விஷயம்தான்.

வீட்டைவிட்டு வரும்போது இரண்டு நல்லதுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கோயில் வாசல் தாண்டியதும் ஒன்றும் இல்லாமல் போவதற்கும் இடம் வந்துவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "அம்மா, வேணாம்மா. வா, வீட்டுக்குப் போயி நம்மளே பேசி முடிவு பண்ணுவோம்" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கோயிலுக்குள்ள வந்து இலையக் கையில எடுத்தாச்சு. திரும்பிப் போகக் கூடாதுடி" என்றாள்.

கோயிலைச் சுற்றி அரளிச் செடிகள் நின்றன. அம்மா வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று பறித்துக்கொண்டு, ஒரு குதிரைக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பூக்கட்டுவது அப்படித்தான், யாரும் பார்க்கக் கூடாது. ஆனால் அவள் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். மூன்று இலையை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். நான் மணியைப் பார்த்தேன்.

பொட்டலங்களைச் சாமி முன்னால் போட்ட பிறகு எடுப்பதற்கு ஆள் இல்லை. எங்கள் ஊர்க்காரர் எடுக்கக் கூடாது, எல்லோருக்கும் விஷயம் தெரியும். அந்த வெயிலில் வெளியூர் ஆளுக்கு எங்கே போவது? வேளார் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா வாசலுக்கும் குதிரைக்கும் நடந்தார். எனக்கு ஒரே சமயத்தில் யாராவது வந்துவிடக் கூடாது என்றும், சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றும் இருந்தது. மணி நாலைத் தாண்டியது. யாருமே வராமல் ஐந்து ஆகிவிட்டால் அதுவும் மூன்றாவது பொட்டலம்தான். அந்த எண்ணம் வந்ததும் நான் வாசலுக்கு ஓடிப்போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஒரு புது ஸ்கூட்டி வந்தது. ஒரு பெண்ணும் அவள் புருஷனும். வண்டிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள்.

"எந்த ஊரு தாயி?" என்றார் பெரியப்பா.

"திருவரங்குளம் பக்கம்ங்க. இது எங்க குலசாமி."

எதற்கென்று சொல்லாமல் ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார் வேளார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். எடுத்து முடிக்கும்வரைக்கும் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து நடுப் பொட்டலத்தின் மேல் கையைக் கொண்டுபோனாள், நிறுத்தினாள். வலது பக்கத்துக்குப் போனாள். மறுபடி நடுவுக்கு வந்து அதையே எடுத்தாள். வேளாரிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

வேளார் நாரைப் பிரித்தார். இலையை விரித்தார். சிவப்பு.

"நல்லதுதானுங்களே?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மெதுவாகப் பின்வாங்கி ஸ்கூட்டி பக்கம் போய்விட்டாள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ திருவரங்குளத்துக்காரி, எலுமிச்சம்பழம் நசுக்க வந்தவள், என் இரண்டு வருஷத்தை, ஏன், என் மொத்த ஆயுசையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அய்யனாரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வழக்கம்போல எனக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அப்பாமேல் வந்தது, எல்லோரையும்விட "ரெண்டும் நல்லதுதாப்பா" என்று சொன்ன என் வாய்மேல் வந்தது.

பெரியப்பா என்னிடம் வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் குரலில் ஜெயித்த தோரணை இல்லை. "மனச விட்றாதத்தா. சாமி ஏதோ நெனச்சுத்தான் சொல்லுது. படிப்பு இங்கேயும் இருக்கு" என்றார். அவர் அப்படி இதமாகப் பேசியதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"எதுக்கு மனச விடணும்?" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அம்மா குதிரையை ஒட்டி நின்றிருந்தாள்.

"செவப்பு வங்காளம் மாமா. அப்படி நெனச்சுத்தான் கட்டுனேன்."

பெரியப்பாவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. "செவப்புன்னா வேணாம்னுதான?"

"ஊருக்கு அப்படி. நான் அப்படி நெனைக்கல. வெள்ள தெலுங்கு ஊரு, செவப்பு வங்காளம்."

"அப்ப வேணாம்கிறது எது?"

"மஞ்ச."

"மஞ்சளயா? மஞ்சளப் போயி யாராச்சும் வேணாம்னு வைப்பாகளா?"

"வேளாரு திடீர்னு மூணாவது கேட்டாரு. அவசரத்துல அப்படி நெனச்சுட்டேன்" என்றாள் அம்மா. குரல் ஆடவில்லை. ஆனால் ஒரு கையால் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா வேளாரைப் பார்த்தார். தீர்ப்பு அவர் கையில் இருந்தது. வேளார் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி முன்னாடி நிக்கிறீங்க" என்றார் அவர்.

"தெரியும்ங்க."

வேளார் அந்தச் சிவப்பு அரளியை இலையோடு சாமி காலடியில் வைத்தார். "கேட்டவுக மனசுல என்ன இருந்துச்சோ அதுதான் உத்தரவு. அது எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது" என்று பெரியப்பாவிடம் சொன்னார். பிரிக்காத இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டார். அவை எப்போதும் கண்மாயில்தான் போகும். முறை என்று பெரியப்பாவே சொல்லியிருந்தார், முறையை மீறி எப்படிப் பேசுவார்?

வேளார் கற்பூரத் தட்டை நீட்டினார். பெரியப்பா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், தட்டைத் தொடவில்லை. அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் இல்லை. நான் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

கரைமேல் ஏறியதும் லிங்க்கைத் திறந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கினேன், கிழக்கே நடந்தேன், மேற்கே நடந்தேன். பக்கம் திறந்தது. வங்காளத்தைத் தொட்டேன். ஓடிபி கேட்டது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பர். திரும்பிப் பார்த்தால் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் ஏறி வந்துகொண்டிருந்தாள், அவளுடைய பட்டன் போன் இடுப்பில்.

"அம்மா, மெசேஜ் வந்துச்சா?"

"இரு இரு, வந்திருக்கு." போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தாள். "நாலு. ஒம்போது. அப்புறம் சைபர். அவசரப்படாதடி, சைபரு போட்டியா?"

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். அவசரத்தில் ஒன்றைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினேன். திரையில் பச்சை டிக் வந்தது. அங்கேயே, கருவேல முள்ளுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா தெலுங்கு ஊரப் பத்தி வாய் ஓயாமப் பேசுன. வங்காளத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல" என்றாள். "பிடிச்சதப் பத்தி ஒனக்குப் பேச வராது. சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான்."

நான் அவளைப் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வி வாய்வரை வந்தது. "மீனு நாத்தம் அடிச்சா மூக்குல விக்ஸ் தடவிக்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

வங்காளம் நான் நினைத்த மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் பனிக்காலத்தில் பல் தேய்க்கவே பயந்தேன். மெஸ்ஸில் தயிருக்காகச் சண்டை போட்டேன். பல்கலைக்கழகம் அவ்வளவு பெரியதாக இருந்ததில் முதல் மாதம் வகுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். சித்தி வீட்டை நினைத்து ஏங்கிய ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. ஆனால் இரண்டாம் ஆண்டில் பாறை இடுக்குகளில் தண்ணீர் எப்படி ஒளிந்து ஓடுகிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தபோது, எங்கள் இரண்டாவது போர் ஏன் காற்றை விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அப்பாவுக்குப் போன் செய்து பேசினேன். அவருக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் போனை வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்கு வருகிறேன், நீ இடம் காட்டு என்றார்.

இந்தக் கோடையில் படிப்பு முடிந்து வந்தேன். அய்யனாருக்குப் புரவி எடுப்பு. வேளார் வீட்டில் செய்த புதுக் குதிரைகளைத் தோளில் சுமந்து, கொட்டோடு கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். நானும் அம்மாவும் கூட்டத்தோடு நடந்தோம். எல்லோரும் உள்ளே போனார்கள். அம்மா மட்டும் வாசலுக்கு வெளியே, வேம்படியில் நின்றுவிட்டாள்.

கூட்டம் குறையட்டும் என்று நிற்கிறாள் என நினைத்தேன். பெரியப்பாவின் மருமகள் போகிற போக்கில் அம்மாவைக் காட்டி, "சின்னத்த உள்ளே வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, விளக்கக்கூட எங்கிட்டத்தான் குடுத்து விடுறாக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அம்மாவிடம் போனேன். "என்னம்மா இது?"

"ஒரு வேண்டுதல். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ள வரமாட்டேன்னு சொல்லிருக்கேன்."

அப்படி ஒரு வேண்டுதலை நான் கேள்விப்பட்டதே இல்லை. நடப்பார்கள், மொட்டை போடுவார்கள், தீ மிதிப்பார்கள். சாமியைப் பார்க்க மாட்டேன் என்று சாமியிடமே வேண்டிக்கொள்கிறவர்கள் யார்? அந்தக் கற்பூரத் தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிவப்பு அம்மாவுக்கும் 'வேண்டாம்'தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"அதான் படிச்சு முடிச்சாச்சே. வா போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டாள். "கோவம் தணிஞ்சிருச்சான்னு தெரியலையே" என்றாள்.

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அதைச் சொன்னேன். "வேணும்னா பூக்கட்டிக் கேட்டுப் பாப்போமா?"

அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தாள்.

"செவப்பு வந்துட்டா?" என்றாள்.

நானும் உள்ளே போகவில்லை.